இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கிதாரும் பேரம் பேசாத ஆறு பறைகளும்



இந்த முறை வழக்கு, தீர்ப்பு, அரசாணை எதைப் பற்றியும் எழுதவில்லை. ஒரு எலக்ட்ரிக் கிதாரைப் பற்றி எழுதுகிறோம். "நாட்டில் இவ்வளவு நடக்கும்போது கிதாரா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் காலனிப் படிப்பகத்தில் நான்கு வாரம் சண்டை மூட்டிய கிதார் இது. கடைசி வரைக்கும் அது எங்கள் கைக்கு வரவில்லை. ஆனாலும் எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது.

நடந்தது இதுதான். ஏப்ரல் 14 அண்ணல் பிறந்தநாளுக்கு எங்கள் பறைக்குழுவோடு ஒரு பாட்டுக்குழுவும் மேடையேற வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் எலக்ட்ரிக் கிதாரும் ஒரே மேடையில் நின்றதைக் கைப்பேசியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். நம்மாலும் முடியும் என்ற எண்ணம் அப்போது விழுந்தது. உண்டியலில் 84,000 ரூபாய் இருந்தது. பறை நிகழ்ச்சிகளில் கிடைத்தது பாதி. மீதி, நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் அக்காமார் மாதம் நூறு, இருநூறு என்று போட்டது.

எங்களில் நன்றாகக் கிதார் வாசிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை நீட்டினான். அமெரிக்காவில் செய்த கிதார். விலை 2,40,000.

"உண்டியல் பணத்தக் கட்டிட்டு மீதிய மாசத் தவணையில போட்டுக்கலாங்ணா. எங்க அண்ணன் பேர்ல லோன் கெடைக்கும்."

மில்லுக்குப் போகும் அக்கா ஒருவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "ஏங் கண்ணு, இது பாட்டு மட்டுந்தாம் பாடுமா, சோறும் ஆக்கிப் போடுமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் இது வேறு கதை என்று புரிந்தது.

அந்த வாரம் அவன் கோவையில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போயிருக்கிறான். சுவரில் மாட்டியிருந்த அந்தக் கிதாரை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கடைக்காரர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது ரெண்டு நாப்பதுங்க தம்பி. நீங்க கீழ இருக்கறதப் பாருங்க" என்றிருக்கிறார். கால் மணி நேரம் கழித்து, காரில் வந்து இறங்கிய இவன் வயதுப் பையன் ஒருவன் கேட்டதும் அதே கிதார் சுவரிலிருந்து இறங்கியது. ஆம்ப்ளிஃபயரில் செருகியும் கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு மூன்று கார்டுக்கு மேல் வாசிக்கத் தெரியவில்லை என்று தம்பி சொன்னான்.

கடைக்காரர் சாதி கேட்கவில்லை. செருப்பைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். அது சாதியா வர்க்கமா என்று எங்களுக்குள் ஒரு மணி நேரம் வாதம் ஓடியது. அந்த வாதம் ஓடும்போதே எங்களில் பாதிப் பேர் மனதுக்குள் முடிவு எடுத்துவிட்டோம்: கடன் வாங்கியாவது அந்தக் கிதாரை வாங்கி, அந்தக் கடை வாசல் வழியாகவே தூக்கிக்கொண்டு வர வேண்டும்!

இதை மறைக்காமல் எழுதுகிறோம். அவமானப்பட்டவன் சந்தைக்குப் போனால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவான். பைக், கைப்பேசி, கல்யாண மண்டபம் என்று நம் தெருக்களில் ஏறியிருக்கும் கடன்களில் எத்தனை இப்படி ஏறியவை என்று ஒவ்வொருவரும் தம் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அன்று இரவு மூத்த தோழர் ஒருவர்தான் நிறுத்தினார். "வாங்குறதா வேண்டாமான்னு அப்பறம் பேசலாம். மொதல்ல அது என்ன பொருள், ஏன் அந்த வெலைன்னு தெரிஞ்சுக்குவோம்." படிப்பகம் என்று பெயர் வைத்துவிட்டுப் படிக்காமல் முடிவெடுத்தால் எப்படி? படித்தோம்.

*

எலக்ட்ரிக் கிதார் ஒலி எழுப்பும் விதம் எளிமையானது. எஃகுக் கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்ற ஒன்று இருக்கிறது. உள்ளே காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, செப்புச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபயர். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பாடம்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எங்களில் மோட்டார் காயில் கட்டும் வேலை பார்க்கும் தோழர் எட்டிப் பார்த்தார். "இது நம்ம வைண்டிங் வேலதானுங்? மோட்டார்ல கரண்ட் விட்டுச் சுத்த வெக்கறோம், இதுல ஆட்டி வெச்சுக் கரண்ட் எடுக்கறாங்க" என்றார். ஊருக்கெல்லாம் மோட்டாரும் பம்பும் செய்து அனுப்பும் மாவட்டம் இது. எங்கள் பகுதியில் பத்து வீட்டுக்கு ஒருவர் பட்டறைக்குப் போகிறார். அன்றிலிருந்து கிதார் எங்களுக்கு அந்நியப் பொருளாகத் தெரியவில்லை.

சி.என்.சி. எந்திரத்தில் ஜாப் ஒர்க் செய்யும் இன்னொரு தம்பி, கிதாரின் கழுத்தையும் உடலையும் இன்று பெரும்பாலும் சி.என்.சி.யில்தான் வெட்டுகிறார்கள் என்று காணொளிகளைக் காட்டினான். விலை கூடிய கிதாருக்கும் விலை குறைந்த கிதாருக்கும் அதே வகை எந்திரம்தான் மரத்தைக் கடைகிறது. வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. விரல் பலகையில் பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளை ஒரே மட்டமாகத் தேய்ப்பது, ஓரங்களை மழுக்குவது, சுருதி நழுவாத முடுக்கிகள், துருப்பிடிக்காத உலோகம், இரைச்சல் இல்லாத சுவிட்சுகள். இதில் கைவேலை இருக்கிறது, நேரம் இருக்கிறது, அமெரிக்கத் தொழிலாளியின் கூலி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே பெயர் இருக்கிறது.

அந்தப் பெயரின் கதையும் வேடிக்கையானது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது. 1950-களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த டெலிகாஸ்டர், தொழிற்சாலையில் வேகமாகச் செய்து முடிக்கவும், கெட்டுப்போனால் கழற்றி மாற்றவும் வசதியாகக் கழுத்தை நான்கு திருகுகளால் முடுக்கிய கருவி. உழைக்கும் இசைக்காரர்களுக்கான வேலைக் கருவியாகத் தொடங்கியதுதான் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதே ஃபெண்டர் நிறுவனம் ஸ்குவையர் என்ற பெயரிலும், கிப்சன் நிறுவனம் எபிஃபோன் என்ற பெயரிலும் ஏறக்குறைய அதே வடிவங்களை ஆசிய நாடுகளில் செய்து, விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் பத்தில் ஒரு பங்குக்கும் விற்கின்றன.

மரத்தைப் பற்றியும் படித்தோம். கிதாரின் விரல் பலகைக்கு உலகம் முழுக்க விரும்பப்படும் மரங்களில் ஒன்று இந்திய ரோஸ்வுட். வேறு எதுவும் அல்ல, நம் மேற்கு மலையில் வளரும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் வெட்டி அழிக்கப்பட்டு, 1992-ல் உலக வணிகத்துக்கே தடை வந்தது. அந்த இடத்தை நிரப்பியது நம் மலை மரம். இதைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். கடையில் தொட விடாத பொருளில் நம் மலையின் மரம் இருக்கலாம் என்று தெரிந்ததும் தம்பி வெகுநேரம் பேசவில்லை.

*

"அப்ப கம்மி வெலை கிதாரே போதும், அதுல பெயருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்ல" என்று சிலர் தீர்ப்புக்கே வந்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு முள் இருந்தது.

தென்கொரியாவின் கோர்ட் நிறுவனம் பல புகழ்பெற்ற பெயர்களுக்குக் கிதார் செய்து கொடுத்த நிறுவனம். 2007-ல் அங்கே உள்ள ஆலைகளிலிருந்து தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது. அந்தத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பட்டினிப் போராட்டம், நீதிமன்றம், வெளிநாட்டுப் பயணம் என்று பன்னிரண்டு ஆண்டுகள். அவர்களில் சிலர் தாங்களே ஒரு இசைக்குழு அமைத்து, அதுவரை செய்து மட்டுமே கொடுத்த கருவியை வாசிக்கக் கற்றுக்கொண்டு மேடையேறினார்கள். 2019-ல்தான் உடன்பாடு வந்தது.

நூற்பாலை அக்கா இதைக் கேட்டுவிட்டு, "கம்பெனிய மூடிட்டு வேற ஊர்ல தொறக்கறது நமக்குப் புதுசா?" என்றார். சூலூரிலிருந்து பல்லடம் வரை மில் கூலி பற்றியும் விசைத்தறிக் கூலி பற்றியும் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விலை கூடிய பொருளில் பெயருக்குக் காசு போகிறது என்றால், விலை குறைந்த பொருளில் யாரோ ஒருவரின் கூலி குறைந்திருக்கிறது. விலைச்சீட்டில் இரண்டுமே எழுதியிருக்காது.

*

மூன்றாவது வாரம் ஒரு சோதனை வைத்தோம். தேவாலயத்தில் வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் அமெரிக்கக் கிதார் இருந்தது. கேட்டதும் கொடுத்தார். அதனோடு நாற்பதாயிரம் விலையுள்ள ஒன்று, பதினைந்தாயிரம் விலையுள்ள ஒன்று. மூன்றுக்கும் புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து, ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஒரே மெட்டைத் தம்பி வாசித்தான். பதினொரு பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எது விலை கூடியது என்று சீட்டில் எழுதினோம்.

நான்கு பேர்தான் சரியாகச் சொன்னார்கள். மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் ஏறக்குறைய அவ்வளவு பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். ஆம்ப்ளிஃபயரை மாற்றி வாசித்தபோது மட்டும் பதினொரு பேருக்கும் வித்தியாசம் கேட்டது.

அதற்காக விலை எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வாசித்த தம்பிக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரிந்தது. "கை வழுக்கிட்டுப் போகுதுங்ணா. அரை மணி நேரம் வாசிச்சும் சுருதி எறங்கல" என்றான். பதினைந்தாயிரம் கிதாரில் ஃப்ரெட் ஓரம் விரலைக் கீறியது. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சுருதி பார்க்க வேண்டியிருந்தது. நாற்பதாயிரம் கிதாரில் அந்தக் குறைகள் பெரும்பாலும் இல்லை.

எங்களுக்குப் புரிந்தது இதுதான். பத்திலிருந்து நாற்பது ஐம்பது ஆயிரம் வரை ஏறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கையில் ஒன்று கிடைக்கிறது. அதற்கு மேலே கொடுக்கும் ரூபாய்க்குக் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டினால், தினம் மேடையேறிப் பிழைப்பவருக்குத் தவிர, கிடைப்பதில் பெரும்பகுதி மனநிறைவு. மனநிறைவு மதிப்பில்லாதது என்று சொல்லவில்லை. அதை அடுத்தவர் பெயரில் கடன் எடுத்து வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

*

இங்கேதான் தம்பி எங்களை மடக்கினான். "அப்ப நமக்கு எப்பவுமே ரெண்டாந்தரந்தானாங்ணா? நல்லது அவங்களுக்கு, போதுமானது நமக்கா?"

யாருக்கும் உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வி நம் வரலாற்றில் பழைய கேள்வி. "உங்களுக்கு எதற்குச் செருப்பு? உங்களுக்கு எதற்குக் குடை? தோளில் எதற்குத் துண்டு?" என்று இந்தக் கொங்குச் சீமைத் தெருக்களில் நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டதையே குறையாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஏழை மக்களின் தலைவருக்கு மும்பையில் 'ராஜகிருகம்' என்று ஒரு வீடும் அதில் அத்தனை புத்தகங்களும் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர் தம் இறுதி ஆண்டுகளில் வயலின் பழகினார். அரசியல் சட்டம் எழுதிய கைக்கு வயலின் எதற்கு என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? சிக்கனம் நல்லது. ஆனால் நம்மை மட்டும் பார்த்துச் சிக்கனம் பேசுகிறவர்களின் சிக்கனத்தை நாம் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையை இதற்காகவே ஒரு மாலை முழுக்கப் பேசினோம். 1972-ல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். பி.பி. கிங் மிசிசிப்பியில் பருத்திக்காட்டுக் குத்தகைக் குடும்பத்தில் 1925-ல் பிறந்தவர். பருத்தி எடுத்த கை அது. 1949-ல் அவர் வாசித்துக்கொண்டிருந்த கூடத்தில் தீப்பிடித்தது. வெளியே ஓடியவர், உள்ளே விட்டுவந்த 30 டாலர் கிதாருக்காகத் திரும்ப நெருப்புக்குள் ஓடினார். அந்தச் சண்டைக்கும் தீக்கும் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு மடத்தனம் செய்யக்கூடாது என்று நினைவூட்டவே தம் கிதார்களுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தார். பின்னாளில் கிப்சன் நிறுவனமே லூசில் என்ற பெயரில் விலை உயர்ந்த கிதார் செய்து விற்றது. அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தது பி.பி. கிங்கின் விரலிலிருந்து.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பிறந்த ஊரின் பெயரே 'பருத்திச் செடி' என்று பொருள்படும். 1964-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்து நடைமேடையில், நல்ல கோட்டு அணிந்து, விலை உயர்ந்த வெள்ளை கிப்சனைத் தோளில் மாட்டி அவர் வாசிப்பதைப் பாருங்கள். காணொளி கிடைக்கிறது. "உனக்கு எதற்கு இது?" என்று அவரிடம் யார் கேட்க முடியும்? அதே சிகாகோ, அதே மக்கள், ஹவுண்ட் டாக் டெய்லர் என்பவர் மலிவான ஜப்பானியக் கிதாரில் கூடத்தையே ஆட வைத்தார். விலை கூடியதும் நம் கைக்கு வரலாம், குறைந்ததும் வரலாம். எது வேண்டும் என்று முடிவு செய்வது நாமாக இருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் பக்கமும் ஒரு கதை உண்டு. கர்ட் கோபேன் வாசித்த ஃபெண்டர் மஸ்டாங், மாணவர்களுக்கென்று குறைந்த விலையில் வந்த வகை. அவர் வாசித்த அந்த வகைக் கிதார் ஒன்று 2022-ல் 45 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மரமும் கம்பியும் மாறவில்லை. யார் கை பட்டது என்பதற்குத்தான் அந்த விலை.

*

அந்தக் கடைசி வரியைச் சொல்லிவிட்டு எங்களுக்கே சுருக்கென்றது. யார் கை பட்டது என்பதால் விலை ஏறும் என்றால், யார் கை பட்டது என்பதால் விலை இறங்கியதும் உண்டல்லவா? எங்கள் தோளிலேயே தொங்கியது அது.

பறை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? வேப்பமரத்தில் மூன்று வளைந்த துண்டுகளைச் செதுக்கி, வட்டமாகச் சேர்த்து, இரும்புத் தகடு அடித்து இணைக்க வேண்டும். தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்ட வேண்டும். எந்தத் தோல், எவ்வளவு மெல்லிசு, எந்த வெயிலில் எத்தனை நாள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தீயில் காய்ச்சும்போது எந்தத் தருணத்தில் எடுக்க வேண்டும் என்பது காதுக்குத்தான் தெரியும். கிதார் செய்பவர் ஃப்ரெட்டைத் தேய்க்கும் நுட்பத்துக்குக் கொஞ்சமும் குறையாத நுட்பம். ஆனால் அதற்கு நூற்றாண்டுகளாகக் கிடைத்த கூலி, களத்துமேட்டில் அளந்து போட்ட தானியமும் திருவிழாவில் மிஞ்சிய சோறும். கூடவே ஒரு வசைச்சொல். கருவியின் பெயரையே சாதியின் பெயராக்கி, அந்தப் பெயரையே இழிவாக்கினார்கள்.

சாவுக்குக் கட்டாயமாக அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த பெரியவர்களும், விடுதலைக் கருவி என்று மேடையில் ஏற்றிய இளையவர்களும் ஒரே போராட்டத்தைத்தான் நடத்தினார்கள். ஆனால் மேடையேற்றிய நாங்களும் ஒரு தவறு செய்திருந்தோம். பல்லடம் பக்கத்தில் பறை கட்டித் தரும் பெரியப்பாவிடம் போனால், ஐயாயிரம் சொன்னால் மூவாயிரத்துக்குக் கேட்போம். "நம்ம ஆளுதானே, கொறச்சுக் குடுங்க பெரீப்பா" என்போம். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று கடைச் சுவரில் எழுதியிருந்ததை ஒரு ரூபாய் குறைக்கக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை!

இன்னொன்றும் கேளுங்கள். 1990-களின் நடுவிலிருந்து சில பெரிய கிதார் நிறுவனங்கள் ஒரு புது வகையை விற்கின்றன. புத்தம் புதுக் கிதாரை எடுத்து, சாயத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருவேற்றி, முப்பது வருடம் வியர்வை பட்டு உழைத்ததுபோல் ஆக்கி, புதியதைவிடக் கூடுதல் விலைக்குக் கொடுக்கிறார்கள். போலியான வியர்வைக் கறைக்கு லட்சக்கணக்கில் விலை. எங்கள் பெரியப்பா வீட்டில் அவர் தந்தை அடித்த பறை ஒன்று தொங்குகிறது. உள்ளங்கை பட்ட இடம் கறுத்து வழவழவென்று இருக்கிறது. அந்த வியர்வைக்கு இதுவரை யாரும் விலை சொன்னதில்லை.

1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார், எளியவர் கையிலும் போய்ச் சேரட்டும் என்று. ஒரு பைசா என்பதால் அதில் எழுதியது மலிவாகிவிடவில்லை. இன்றும் படித்துத் தீரவில்லை. விலை வேறு, மதிப்பு வேறு என்பதை நமக்கு முன்னோர் செய்தே காட்டியிருக்கிறார்கள். நாம்தான் கடைக்காரரின் கண்ணால் எங்கள் பறையையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

நான்காவது வாரம் முடிவெடுத்தோம். கணக்கை அப்படியே எழுதுகிறோம், ஒளிக்க ஒன்றுமில்லை.

ஒருவர் இரண்டு வருடம் வாசித்து விற்ற, நடுத்தர வகைக் கிதார்: 24,000. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஃப்ரெட், கழுத்து, கம்பி உயரம் எல்லாம் சரிசெய்தது: 1,500. ஆம்ப்ளிஃபயர்: 18,000. வயர், கம்பி, பை: 3,000. ஆறு பறைகள், ஒன்று 4,500 வீதம்: 27,000. மொத்தம் 73,500. மீதி 10,500 ரூபாயை, கிதாரும் பறையும் கற்க வரும் பெண் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்துக்கும் மாலைச் சிற்றுண்டிக்கும் ஒதுக்கினோம். கடன் இல்லை.

பறைக்குப் பேரம் பேசவில்லை. பெரியப்பா விலை சொன்னார், பணத்தை எண்ணி இரண்டு கையாலும் கொடுத்தோம். அவர் கொஞ்ச நேரம் பணத்தையே பார்த்தார். "ஏன் சாமி, கொறைக்கச் சொல்லிக் கேக்கலையா?" என்றார். இல்லை என்றோம். "அப்ப நாஞ் சொன்னது கம்மியோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் சிரிக்கவில்லை. எழுபது வயதுக் கலைஞருக்குத் தன் வேலையின் விலையைத் தானே நம்ப முடியவில்லையே.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். முதல் கிதாருக்கு மாதத் தவணை வேண்டாம். கிதாரில் போடும் பணத்தில் ஒரு பங்கை ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்து வையுங்கள், கூட்டம் கேட்பது அதைத்தான். எந்த விலைக் கிதாரானாலும் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒருமுறை சரிசெய்து வாங்குங்கள். கடையில் சுவரில் இருப்பதை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாங்காவிட்டாலும் கேளுங்கள். தொட்டுப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. மறுத்தால் கடையை மாற்றுங்கள், வாங்கும் திட்டத்தை மாற்றாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பறை, உறுமி, ஜமாப் கலைஞரிடம் கருவி வாங்கும்போதோ நிகழ்ச்சிக்கு அழைக்கும்போதோ அவர் சொல்லும் தொகையைக் கொடுங்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுங்கள். "நம்ம ஆளு" என்று சொல்லிக் குறைக்காதீர்கள்.

ஏப்ரல் 14 அன்று மேடையில் ஆறு புதுப் பறைகளும் அந்தப் பழைய கிதாரும் ஏறின. முன்வரிசையில் பெரியப்பாவை உட்கார வைத்து, இந்தப் பறைகளைச் செய்தவர் இவர் என்று ஒலிபெருக்கியில் பெயர் சொன்னோம். எங்கள் நிகழ்ச்சிகளில் இதற்கு முன் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. மூன்றாவது பாட்டில் கிதாரின் ஒரு கம்பி அறுந்தது. தம்பி ஐந்து கம்பியிலேயே முடித்தான். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். "எனக்குத் தெரிஞ்சுதுங்ணா" என்றான்.

அவனுக்கு இன்னமும் அந்த 2,40,000 ரூபாய்க் கிதார் மேல் ஆசை இருக்கிறது. படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் வாங்குவேன் என்கிறான். வாங்கட்டும். அன்றைக்கு அந்தக் கடைக்கு நாங்களும் கூடப் போவோம். இந்த முறை விலையையும் கேட்போம், அதில் எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கேட்போம்.

ஜெய் பீம்.